அலெக்சாண்டர் பிளெமிங் – புண்ணில் தொடங்கிய ஒரு வாழ்க்கை



சுவரிதழில் இந்தத் தடவை ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை நான் எழுத வேண்டும் என்று அறிவியல் சார் சொன்னார். யாரைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். உன் காலையே கேள் என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் வகுப்புக்கு அதன் அர்த்தம் தெரியும். மற்ற வகுப்பு நண்பர்களுக்காக முதலில் என் கால் கதையைச் சொல்லிவிட்டு விஞ்ஞானிக்கு வருகிறேன்.

என் கால் கதை

போன வருஷம் காலாண்டு லீவில் கண்மாய்க் கரையில் கபடி விளையாடினோம். வலது குதிகாலில் பாட்டில் சில்லு ஏறிவிட்டது. ரத்தம் நிற்கட்டும் என்று மண்ணை அள்ளி அப்பினேன். வீட்டில் அப்பத்தா காப்பித்தூளை வைத்துக் கட்டினார். சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே சில்லை எடுத்து, கழுவிக் கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். ஐந்து நாளைக்கு வேளைக்கு ஒன்றாகப் பதினைந்து மாத்திரை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்கணும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாளில் வலி போயிடுச்சு. நானும் மாத்திரையை நிறுத்திட்டேன். மீதி ஒன்பது மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்தேன். அந்த வாரம் தம்பிக்குச் சளி பிடித்தது. பெரிய டாக்டர் மாதிரி அவனுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். சளி போகவில்லை, வயிற்றுப்போக்குதான் வந்தது.

பத்து நாள் கழித்து என் காயம் மேலே மூடி உள்ளே சீழ் கோத்துக்கொண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. சொன்னால் திட்டு விழுமே என்று பயந்து, மிச்சமிருந்த ஏழு மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் முழுங்கினேன். கேட்கவில்லை. காய்ச்சலில் உடம்பு நடுங்கியபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

அங்கே படுத்திருந்தபோது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எனக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அந்தத் தட்டு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் பார்த்ததிலிருந்துதான் இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. அவர்தான் சர் அலெக்சாண்டர் பிளெமிங்.

பண்ணை வீட்டுப் பையன்

பிளெமிங் 1881-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் டார்வெல் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் லாக்ஃபீல்டு என்ற பண்ணையில் பிறந்தார். அப்பா ஹியூ பிளெமிங் ஆடு மாடு வளர்க்கும் விவசாயி. அம்மா கிரேஸ் அவருக்கு இரண்டாம் தாரம். அண்ணன் தம்பி அக்கா என்று வீடு நிறையப் பிள்ளைகள். அலெக்சாண்டருக்கு ஏழு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் அண்ணனும்தான் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். டார்வெல் பள்ளியில் சேர்ந்தபோது போக நாலு மைல், வர நாலு மைல். நம்மில் சில பேர் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தாலே அன்றைக்குப் படிப்பு ஓடாது. அவர் பனியிலும் மழையிலும் நடந்திருக்கிறார். போகிற வழியில் பறவைக்கூடு, ஓடையில் மீன் என்று பார்த்துக்கொண்டே போவாராம். கண்ணால் கவனிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பதின்மூன்று வயதில் லண்டனில் டாக்டராக இருந்த அண்ணன் டாமின் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச காலம் படித்துவிட்டு ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நாலு வருஷம் கணக்கெழுதினார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1901-இல் ஒரு பெரியப்பா சொத்திலிருந்து 250 பவுன் பங்கு வந்தது. அந்தப் பணத்தை வைத்து டாக்டருக்குப் படி என்று அண்ணன் சொன்னார்.

லண்டனில் அப்போது பல மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. பிளெமிங் செயின்ட் மேரிஸ் மருத்துவமனைக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். ஏன் தெரியுமா? அந்தக் கல்லூரி அணியோடு அவர் ஒரு தடவை நீர்ப்பந்து விளையாடியிருந்தார். அந்தப் பெயர் ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான்! 1906-இல் டாக்டராகத் தேறினார். அறுவை சிகிச்சைப் பக்கம் போகலாம் என்று நினைத்தார். ஆனால் கல்லூரியின் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு இவரை விட மனசில்லை. குறி தவறாமல் சுடுகிறவர் வேறு இடம் போய்விடக் கூடாது என்று, அங்கேயே ஆல்ம்ராத் ரைட் என்ற பேராசிரியரின் கிருமி ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு நீர்ப்பந்தும் ஒரு துப்பாக்கியும் சேர்ந்து அவரை அந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தன. சாகும் வரை அந்த இடத்தோடு அவருக்குத் தொடர்பு விடவில்லை.

போர்க்களத்துப் புண்கள்

பென்சிலின் என்றதும் பாடப்புத்தகத்தில் நாம் படிப்பது 1928-இல் பூஞ்சணம் பூத்த தட்டைத்தான். ஆனால் கதை அதற்குப் பதினாலு வருஷம் முன்னாடியே, புண்ணில்தான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. பிளெமிங் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான பூலோனுக்குப் போனார். அங்கே சூதாட்ட விடுதி ஒன்றை ராணுவ ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். ரைட்டும் பிளெமிங்கும் அங்கே ஆய்வுக்கூடம் வைத்தார்கள்.

சண்டை நடந்த இடமெல்லாம் காலங்காலமாகச் சாணியும் எருவும் போட்ட வயல்கள். குண்டுச் சிதறல் உடம்பில் பாயும்போது சும்மா பாயவில்லை. சேறு அப்பிய சட்டைத் துணியையும் சேர்த்துச் சதைக்குள்ளே இழுத்துக்கொண்டு போனது. எருவில் இருக்கும் சில கிருமிகளுக்குக் காற்று ஆகாது. ஆழமான புண்ணுக்குள் காற்று போகாது என்பதால் அங்கே அவை கொண்டாட்டமாகப் பெருகின. சதைக்குள் வாயு கோத்து அழுகிப்போகும் நோயும், வாய்ப்பூட்டுப் போட்டதுபோல் தாடை இறுகும் டெட்டனஸும் வந்து வீரர்கள் செத்தார்கள். குண்டுக்குத் தப்பியவர்களைப் புண் கொன்றது.

டாக்டர்கள் என்ன செய்தார்கள்? கார்பாலிக் அமிலம் போன்ற கடுமையான கிருமிநாசினியைப் புண்ணில் ஊற்றினார்கள். எல்லாரும் அதுதான் சரி என்று நினைத்தார்கள். பிளெமிங் மட்டும் சந்தேகப்பட்டார். மருந்து ஊற்றிய புண்களிலிருந்து சீழை எடுத்துப் பார்த்தார். கிருமிகள் குறையவே இல்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சோதனைக் குழாயைச் சூடாக்கி, அதன் அடிப்பக்கத்தை முள் முள்ளாக இழுத்துவிட்டார். புரையோடிய புண்ணில் சந்து பொந்து இருக்குமே, அது மாதிரி ஒரு கண்ணாடிப் புண்! அதில் கிருமி கலந்த திரவத்தை ஊற்றிவிட்டு, பிறகு கொட்டிவிட்டு, கிருமிநாசினியை நிரப்பினார். அப்புறம் அதையும் கொட்டிவிட்டு, கிருமி வளர்வதற்கான நல்ல திரவத்தை ஊற்றி வைத்தார். மறுநாள் பார்த்தால் கிருமிகள் மறுபடி பெருகியிருந்தன. முள் போன்ற சந்துகளுக்குள் ஒளிந்திருந்தவற்றை மருந்து தொடவே இல்லை.

இன்னொன்றையும் கண்டார். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன அல்லவா? அவைதான் கிருமியை விழுங்கும் நம் சொந்தப் படை. கடுமையான மருந்து கிருமியைக் கொல்வதற்கு முன்னால் இந்தப் படையைக் கொன்றுவிட்டது. காவலுக்கு இருந்தவனைக் கொன்றுவிட்டால் திருடனுக்குத்தானே வசதி? செத்த சதையை வெட்டி எடுத்து, உப்புத் தண்ணீரால் புண்ணைச் சுத்தமாகக் கழுவுவதே மேல் என்று ரைட்டும் பிளெமிங்கும் சொன்னார்கள். அப்போது நிறையப் பேர் கேட்கவில்லை.

போர் முடிந்து பிளெமிங் திரும்பி வந்தார். கிருமியைக் கொல்ல வேண்டும், ஆனால் வெள்ளை அணுவைத் தொடக் கூடாது. அப்படி ஒரு பொருள் உண்டா? இந்தக் கேள்வி அவர் மனசில் தங்கிவிட்டது. போரின் நடுவே 1915-இல் சாரா என்ற நர்ஸை அவர் திருமணம் செய்திருந்தார். 1924-இல் மகன் ராபர்ட் பிறந்தான். அப்பாவைப் போலவே அவரும் பிறகு டாக்டரானார்.

மூக்குச் சளியில் ஒரு கண்டுபிடிப்பு

1921-இல் பிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. வேறு யாராவது என்றால் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் தன் மூக்குச் சளியை எடுத்துக் கிருமித் தட்டில் வைத்தார்! சளி பட்ட இடத்தில் ஒரு வகைக் கிருமி கரைந்துபோனது. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் அதே சக்தி இருந்தது. அதற்கு லைசோசைம் என்று பெயர் வைத்து 1922-இல் வெளியிட்டார். கண்ணீர் வேண்டும் என்பதற்காகக் கூட வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு அழ வைத்தாராம்.

லைசோசைம் உடம்புக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் மனிதனைக் கொல்லும் பெரிய கிருமிகளிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. இருந்தாலும் கிருமியை அழிக்கக்கூடிய, நம் அணுக்களைக் கெடுக்காத பொருள் இயற்கையில் உண்டு என்பது உறுதியாகிவிட்டது.

தூக்கி எறியாத தட்டு

பிளெமிங்கின் மேஜை எப்போதும் அலங்கோலமாக இருக்குமாம். வேலை முடிந்த தட்டுகளை உடனே கழுவ மாட்டார். இரண்டு மூன்று வாரம் குவித்து வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். (இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மேஜையை அப்படி வைத்துக்கொண்டு பிளெமிங் பெயரைச் சொல்ல வேண்டாம்!)

1928 கோடை லீவு முடிந்து செப்டம்பர் 3-ஆம் தேதி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வளர்த்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணிலும் கட்டியிலும் சீழ் வைப்பது பெரும்பாலும் இந்தக் கிருமிதான். ஒரு தட்டில் பூஞ்சணம் பூத்திருந்தது. நம் வீட்டில் பழைய ரொட்டியிலும் ஊறுகாயிலும் பூக்குமே, அந்த மாதிரி. தட்டு கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் அவர் உற்றுப் பார்த்தார். பூஞ்சணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து, அந்த இடம் தெளிவாக இருந்தது. மழைக்கு முன்னால் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கும் இல்லையா, அதுபோல பூஞ்சணத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

அந்தப் பூஞ்சை பென்சிலியம் வகையைச் சேர்ந்தது. அதை வளர்த்து, அதன் சாற்றை எடுத்துச் சோதித்தார். முதலில் அதைப் பூஞ்சைச் சாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1929 மார்ச்சில் பென்சிலின் என்று பெயர் வைத்தார். சீழ் வைக்கும் கிருமி, தொண்டைப்புண் கிருமி, நிமோனியா கிருமி, தொண்டை அடைப்பான் கிருமி எல்லாம் அதற்கு அடங்கின. டைபாய்டு கிருமி அடங்கவில்லை.

அடுத்து அவர் என்ன பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம், வெள்ளை அணுக்களைத்தான் பார்த்தார். பென்சிலின் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பூலோன் ஆஸ்பத்திரியில் செத்துப்போன வீரர்களுக்குக் கிடைக்காத பொருள் கிடைத்துவிட்டது!

ஆனால் அது உடனே மருந்தாகிவிடவில்லை. சாற்றிலிருந்து பென்சிலினை மட்டும் பிரித்தெடுக்க உதவியாளர்கள் முயற்சி செய்தார்கள். அது சீக்கிரமே வீரியம் இழந்துபோனது. பிளெமிங் வேதியியல் வல்லுநர் இல்லை. 1929-இல் கட்டுரையை வெளியிட்டார், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர் செய்த நல்ல காரியம், அந்தப் பூஞ்சையைச் சாக விடாமல் வருஷக்கணக்கில் வளர்த்து வந்ததும், கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் கொடுத்ததும்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு எலிகள்

பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஃப்ளோரி என்ற ஆஸ்திரேலியரும், ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த எர்ன்ஸ்ட் செயின் என்பவரும் பிளெமிங்கின் பழைய கட்டுரையைப் படித்தார்கள். அவர்களோடு நார்மன் ஹீட்லி என்ற இளம் விஞ்ஞானியும் சேர்ந்தார். போர்க்காலம், பாத்திரம்கூடக் கிடைக்கவில்லை. நோயாளிகள் படுக்கையில் வைத்துக்கொள்ளும் மலச் சட்டிகளில் பூஞ்சையை வளர்த்தார்கள்.

1940 மே 25-ஆம் தேதி எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். நான்குக்கு மட்டும் பென்சிலின் போட்டார்கள். மருந்து போடாத நான்கும் மறுநாள் காலைக்குள் செத்துவிட்டன. போட்ட நான்கும் உயிரோடு இருந்தன. இந்தச் செய்தி அச்சில் வந்ததும் பிளெமிங் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பார்த்தார். அவர் எப்போதோ இறந்துபோயிருப்பார் என்று நினைத்திருந்த செயினுக்கு ஒரே ஆச்சரியம்!

1941 பிப்ரவரியில் 43 வயது போலீஸ்காரர் ஒருவருக்கு முதல்முறையாக இந்த மருந்தால் சிகிச்சை கொடுத்தார்கள். முகத்தில் ஏற்பட்ட காயம் சீழ்ப்பிடித்து, தலை, கண், நுரையீரல் வரை பரவியிருந்தது. ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். பென்சிலின் போட்டதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் ஐந்து நாளில் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்தெடுத்து மறுபடி போட்டார்கள். போதவில்லை. மிச்சமிருந்த கிருமி திரும்பத் தலைதூக்கியது. மார்ச்சில் அவர் இறந்துவிட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்கு ஐந்து நாளுக்கு மேல் மருந்து கிடைக்கவில்லை. சிறுநீரை வடிகட்டியும் தேடினார்கள். எனக்கு மருந்து முழுசாக என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

பிறகு அமெரிக்காவில் பெரிய தொட்டிகளில் பென்சிலின் தயாராக ஆரம்பித்தது. 1944-இல் பிரான்ஸ் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது காயம்பட்ட வீரர்களுக்குத் தேவையான பென்சிலின் கையில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அதே பிரான்ஸ் மண்ணில் பிளெமிங் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டே அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1945-இல் பிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பென்சிலினுக்கு பிளெமிங் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை.

பரிசு வாங்கிய மேடையில் ஓர் எச்சரிக்கை

நோபல் பரிசு வாங்குகிறவர் என்ன பேசுவார்? தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசலாம். 1945 டிசம்பர் 11-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் பிளெமிங் தன் உரையின் கடைசியில் ஒரு பயத்தைச் சொன்னார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு பென்சிலினில் அதை வளர்த்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உண்டாவதை ஆய்வுக்கூடத்தில் சுலபமாகப் பார்க்கலாம் என்றார். மனித உடம்பிலும் அது நடந்திருக்கிறது என்றார்.

பிறகு ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. அவரிடமிருந்து அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி, மனைவிக்கு நிமோனியா வருகிறது. டாக்டர் பென்சிலின் கொடுக்கிறார், கேட்கவில்லை. மனைவி இறந்துவிடுகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? மருந்தை அலட்சியமாகப் பயன்படுத்திய கணவர்தான் என்றார் பிளெமிங். பயன்படுத்தினால் போதுமான அளவு பயன்படுத்துங்கள் என்பதே அவர் அறிவுரை.

அவர் பயந்தது வீண் பயமில்லை. பென்சிலினை உடைக்கும் நொதி ஒன்று கிருமியிடம் இருப்பதை, மருந்து மக்களிடம் வருவதற்கு முன்பே, 1940-இல் செயினும் அவர் கூட்டாளியும் கண்டிருந்தார்கள். 1948-க்குள் லண்டன் மருத்துவமனை ஒன்றில் சோதித்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் பென்சிலினுக்குக் கேட்காதவை ஆகிவிட்டன. அதை அடக்க மெத்திசிலின் என்ற புது மருந்து வந்தது. அதற்கும் கேட்காத கிருமி 1961-லேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள்.

1949-இல் மனைவி சாரா இறந்தார். 1953-இல் கிரேக்க நாட்டுப் பெண் டாக்டர் அமாலியாவை பிளெமிங் மணந்தார். 1955 மார்ச் 11-ஆம் தேதி லண்டனில் மாரடைப்பால் காலமானார். நாட்டின் பெரிய மனிதர்கள் உறங்கும் செயின்ட் பால் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கிருமி எப்படித் தப்பிக்கிறது?

இதை அறிவியல் சாரிடம் கேட்டு எழுதுகிறேன். நல்ல வசதி கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, தடையே இல்லாமல் பத்து மணி நேரம் போனால் கணக்குப்படி 107 கோடி! அத்தனை கோடியில் ஒன்றிரண்டுக்கு மரபணுவில் தற்செயலாக மாற்றம் வந்திருக்கும். அதில் ஏதோ ஒன்று மருந்தைத் தாங்குவதாக இருக்கலாம்.

நெல் வயலில் களை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லைப் போலவே இருக்கும் ஒரு புல் உண்டு. மற்ற களையெல்லாம் போய்விடும், அது மட்டும் தப்பும். இடமும் எருவும் அதற்கே கிடைக்கும். விதை போட்டு அடுத்த போகத்தில் வயல் முழுக்க அதுதான் நிற்கும். மருந்து போட்ட உடம்பிலும் இதே கதைதான். அது மட்டுமில்லை, ஒரு பாக்டீரியா மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கவும் முடியும். நாம் பரீட்சையில் பிட்டு கொடுப்பது மாதிரி! ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு அதிகமாக வீணடிக்கிறோமோ, அவ்வளவுக்கு இந்தக் களைகளுக்கு வாய்ப்பு. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

என் தட்டு

இப்போது அந்தக் கண்ணாடித் தட்டுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் என் குதிகாலைக் கீறிச் சீழை எடுத்து, பஞ்சுக்குச்சியில் தொட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என் சீழில் இருந்த கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, அதன்மேல் வேறு வேறு மருந்து தோய்த்த பொட்டு மாதிரி சின்ன வட்டக் காகிதங்களை வைத்திருந்தார்கள். சில காகிதங்களைச் சுற்றி நிலாக் கோட்டை மாதிரி தெளிவான வட்டம். அந்த மருந்துக்குக் கிருமி செத்திருக்கிறது என்று அர்த்தம். 1928-இல் பிளெமிங் பார்த்த அதே வட்டம்!

நான் சாப்பிட்ட மாத்திரையின் காகிதம் எது என்று கேட்டேன். அக்கா காட்டினார். அதைச் சுற்றி வட்டமே இல்லை. காகிதத்தை ஒட்டிக் கிருமி மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது.

டாக்டரம்மா மருந்தை மாற்றினார். ஊசி போட்டார்கள், புண் ஆறியது. நான் பாதியில் நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சா என்று அவரிடம் கேட்டேன். கிருமி முதலிலேயே அப்படி இருந்திருக்கலாம், உன் ஒருவனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மறைத்து வைத்து நீயே டாக்டராகி ஒரு வாரத்தை வீணாக்கினாயே, அது உன் தப்புதான் என்றார். தம்பிக்குக் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டேன். சாதாரண சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது, சில பேருக்கு பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகும் என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அம்மா மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பிளெமிங் கதையில் வந்த மனிதர் யார் என்று பிறகு புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. காயம் பட்டால் மண், காப்பித்தூள், சாணி எதையும் வைக்காதீர்கள். ஓடும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். ஆழமான காயம், அழுக்குக் காயம் என்றால் உடனே ஆஸ்பத்திரி போங்கள். டி.டி. ஊசி தேவையா என்று அங்கே சொல்வார்கள்.

2. காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். திட்டு கொஞ்ச நேரம்தான் வலிக்கும்.

3. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. மத்திய அரசு 2016-இல் இந்தச் சிவப்புக் கோடு பிரச்சாரத்தைத் தொடங்கியது.

4. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்றால் அவரையே கேளுங்கள். மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

5. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்காகவே உலக விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. இந்த வருஷம் நம் பள்ளியிலும் அதைக் கொண்டாட வேண்டும் என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு திருத்தம்

பிளெமிங்கின் அப்பா குளத்தில் மூழ்கிய சிறுவன் சர்ச்சிலைக் காப்பாற்றினார், அதற்கு நன்றியாகத்தான் பிளெமிங்கை டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள், பிறகு அவருடைய பென்சிலின்தான் சர்ச்சிலை நிமோனியாவிலிருந்து காப்பாற்றியது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதைதான், உண்மை இல்லை. அவரைப் படிக்க வைத்தது பெரியப்பா பணமும் அண்ணன் சொன்ன புத்தியும். 1943-இல் நிமோனியா வந்தபோது சர்ச்சிலுக்குக் கொடுத்தது சல்ஃபா மருந்து.

என் குதிகாலில் இப்போது அரை அங்குலத் தழும்பு இருக்கிறது. கபடி ஆடத் தடையில்லை. பி.இ.டி. பீரியடில் யாராவது அதைப் பார்த்துக் கேட்டால், இனிமேல் இந்தச் சுவரைக் காட்டிவிடுவேன். ஜாமெட்ரி பாக்ஸில் இப்போது காம்பஸும் பாகைமானியும் மட்டும்தான்.



– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்